விளக்கும் விளக்கமும்

கலைமதி இறந்து இருபத்திரண்டாம் நாள், அவள் ஏன் பணிக்கு வரவில்லை என்று கேட்டு ஒரு குறிப்பாணை வந்தது.

பதிவுத் தபால். பெறுநர் நேரில் கையெழுத்துப் போட வேண்டும் என்று உறைமேல் முத்திரை குத்தியிருந்தது. சிங்கவரம் தபால்காரர் அந்தப் பெண்ணின் காரியத்துக்கே வந்து சாப்பிட்டுப் போனவர். சைக்கிளை விட்டு இறங்காமல் காலை ஊன்றியபடி நின்றார். "நானா எதுவும் பண்ணல காமராஜு. வந்துச்சு, எடுத்தாந்தேன்" என்றார். காமராஜ் பேனாவை வாங்கி மகளின் பெயரைத் தானே எழுதினார். முப்பது வருடமாக மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து எத்தனையோ கையெழுத்துப் போட்டிருக்கிறார். இந்த ஒன்றைத்தான் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று திரும்பப் படித்துப் பார்த்தார்.

'தாங்கள் கடந்த பதினெட்டு வேலை நாள்களாக விரல்ரேகைப் பதிவுக் கருவியில் விரல் வைக்கவில்லை என்பது இம்மையத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. ஏழு நாள்களுக்குள் நேரில் தோன்றி விளக்கம் அளிக்கத் தவறினால், தங்களுக்கு இதில் சொல்ல ஒன்றுமில்லை எனக் கருதப்படும்.'

மனைவி மீனம்பாள் அடுப்படியிலிருந்து கேட்டாள். "இன்னா எழுதியிருக்குது?"

"ஆபீஸ் சமாச்சாரம்" என்றார்.

மையம் என்பது நுண்காந்த உயராய்வு மையம். செஞ்சியிலிருந்து சிங்கவரம் வரும் வழியில், வேர்க்கடலை விளையும் மணிலாக் கொல்லைகளுக்கு நடுவே, கோட்டை நிற்கும் ராஜகிரி மலைக்குப் போட்டியாக எழுப்பியது போன்ற ஒரு கண்ணாடிக் கட்டடம். கலைமதி அங்கே ஐந்து வருடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்தாள். மற்ற அப்பன்களைப் போல 'என்னமோ படிக்குது' என்று சொல்லிவிட்டுப் போகிறவர் அல்ல காமராஜ். கரண்ட்டு அவர் தொழில். அவளுடைய தொழிலும் அதுதான் என்று நினைத்து விடாமல் கேட்டிருக்கிறார்.

"நைனா, நீ கம்பியில அனுப்புற கரண்ட்டுல கோடிகோடியா எலக்ட்ரான் ஓடுதுல்ல? அது ஒவ்வொண்ணும் ஒரு பம்பரம். ஓடிக்கிட்டே சுத்துது. நீங்க ஓடறத மட்டும் மீட்டர்ல பாக்குறீங்க. சுத்தறத யாரும் கண்டுக்கறதே இல்ல."

"சுத்தறத வெச்சி இன்னா பண்றது?"

"ஒரு சின்னக் காந்தத்துக்குள்ள வுட்டா எல்லாப் பம்பரமும் ஒரே பக்கமா சுத்திக்கிட்டு வெளிய வரும். அத அப்படியே இன்னொரு காந்தத்துக்குள்ள தள்ளுவேன். அங்க அதுக்குத் தலகீழா சுத்துனாதான் நிம்மதி. டபக்குனு கவுந்துக்கும். கவுறும்போது துளியூண்டு வெளிச்சத்தத் துப்பும். ஒண்ணு துப்புனதும் பக்கத்துல இருக்கறதெல்லாம் அதே தாளத்துல துப்புச்சுன்னா, அதான் நைனா லேசர். டெராஹெர்ட்ஸ் லேசர்."

அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது என்றாள். ஆனால் தோலுக்கடியில் புற்றுநோய் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கத்தி வைக்காமல் காட்டிக்கொடுக்கும். எக்ஸ்ரே மாதிரி உடம்பைக் கெடுக்காது. இப்போது அதை உண்டாக்கும் கருவிகளில் சில பீரோ அளவு இருக்கின்றன. இவளுடையது ஒரு தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அது முதல் முறையாக ஒளிவிட்டு எரிந்த மறுவாரம்தான் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. டெங்கு. நாலு நாள்.

காமராஜ் இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு மையத்துக்குப் போனார்.

துணைப் பதிவாளர் பாண்டுரங்கன் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், தண்ணீர் வரவழைத்தார், சான்றிதழை இரண்டு முறை படித்தார். பிறகு கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு வருத்தத்தோடு தலையசைத்தார்.

"வராததுக்குக் காரணம்னு இதுல ஆறுதான் சார் இருக்குது. மருத்துவம், மகப்பேறு, ஈட்டிய விடுப்பு, அலுவல் பயணம், இயற்கைச் சீற்றம், சொந்த வேலை. மரணம்னு ஒண்ணு இல்ல."

"செத்தவங்களுக்கு இன்னா பண்ணுவீங்க?"

"இந்த மையம் ஆரம்பிச்சதுலேருந்து யாரும் செத்ததா பதிவே இல்ல சார்." அவர் குரலில் கொஞ்சம் பெருமிதம் வந்தது. "அதுக்காக நமக்குத் தேசிய அளவுல ஒரு பாராட்டுக்கூட வந்துச்சு. பாதுகாப்பான வளாகம்னு. இப்ப நான் ஒருத்தர சாகடிச்சேன்னு வெச்சிக்குங்க, அந்தச் சான்று போயிடும். சொந்த வேலைன்னு போட்டுக்கலாமா?"

மகள் செத்தது சொந்த வேலையா, இயற்கைச் சீற்றமா என்று காமராஜ் ஒரு நிமிடம் உண்மையாகவே யோசித்தார். கொசு கடித்த கதைக்கு இரண்டாவதுதான் பொருத்தம் என்று தோன்றியது. அதற்குள் பாண்டுரங்கன் சொந்த வேலையைத் தட்டிவிட்டார்.

"அடுத்தது, திரும்பி வர்ற தேதி."

"இன்னா தேதி?"

"திரும்பி வர்ற தேதி சார். அது இல்லாம உள்ள ஏத்துக்காது. சும்மா ஒண்ணு சொல்லுங்க."

காமராஜ் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தார். பாண்டுரங்கன் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, தம் சொந்தப் பொறுப்பில், கணினி அனுமதித்த கடைசித் தேதியைப் போட்டு அச்செடுத்துக் கொடுத்தார். 'கலைமதி கா., ஆராய்ச்சி மாணவி. பணிக்குத் திரும்பும் நாள்: 31.12.2099.'

"நிம்மதியாப் போங்க" என்றார். "அதுவரைக்கும் யாரும் கேக்க மாட்டாங்க."

வெளியே வராந்தாவில் ஷோபனா நின்றிருந்தாள். கலைமதியோடு ஒரே ஆய்வகம்; தீவனூர் பக்கத்து விவசாயக் குடும்பம்; சாவன்று முழுக்க மீனம்பாளின் கையை விடாமல் உட்கார்ந்திருந்தவள். காமராஜைப் படிக்கட்டு ஓரமாகக் கூட்டிப்போனாள்.

"அப்பா, அவ பண்ணது இன்னும் குளிர்ப் பெட்டிக்குள்ளதான் இருக்குது. ஒரு தடவ வெளிச்சம் வந்துச்சு, நோட்டுல எழுதி வெச்சிருக்கா. ஆனா ஒரு தடவ வந்தா ஒலகம் நம்பாது. இன்னொரு தடவ அளந்து, அதே எடத்துல வந்துச்சுன்னாதான் உண்மை. அடுத்த மாசம் நான் அளக்கப்போறேன்."

"அவ பேரு வரும்ல?"

"மொதப் பேரே அவளோடதுதான்."

அன்று அவர் வீட்டுக்குப் போய், பல நாளைக்குப் பிறகு இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார்.

ஆய்வுக் கட்டுரையில் பெயர் போட வேண்டுமென்றால் சம்பந்தப்பட்டவர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். அவர் வர முடியாத நிலையில் வாரிசுச் சான்று வேண்டும் என்றார்கள். தாலுகா ஆபீசுக்கு ஐந்து முறை நடந்து அதை வாங்கிக்கொண்டு காமராஜ் ஆய்வகத்துக்குப் போன அன்றுதான் இருப்புச் சரிபார்ப்புக் குழுவும் வந்திருந்தது.

குழுவின் தலைவர் முருகையன். கழுத்தில் கண்ணாடி, கையில் பேரேடு, பின்னால் பசை டப்பாவும் எண் ஒட்டும் தாள்களுமாக இரண்டு பேர். மேசை, நாற்காலி, மின்விசிறி, குப்பைக்கூடை எல்லாவற்றுக்கும் எண் ஒட்டிவிட்டுக் குளிர்ப் பெட்டியின் முன் வந்து நின்றார்.

"வரிசை எண் நானூத்திப் பன்னெண்டு. காந்த நுண்கட்டமைப்பு, ஒண்ணு. எங்க?"

"உள்ள இருக்குது சார்" என்றாள் ஷோபனா. "தொறக்கக் கூடாது. மைனஸ் எரநூத்தி அறுபது டிகிரியில இருக்குது. இந்தக் குளுர்ல காத்துப் பட்டா போயிடும்."

"எனக்குப் புரியுதும்மா. ஆனா கண்ணால பாக்காம கையெழுத்து போட்டா அதுக்குப் பேரு ஊழல். இருபத்திநாலு வருஷ சர்வீஸ்ல நான் எதையும் பாக்காம போட்டதில்ல. ஒரு ஆஸ்பத்திரியில ஆக்சிஜன் இருப்பு பாக்கச் சொன்னாங்க. சிலிண்டரத் தொறந்து வுட்டு, உஸ்ஸுன்னு சத்தம் வந்ததும்தான் போட்டேன். எல்லா சிலிண்டரையும்."

"சார், பாத்தாலும் தெரியாது. அவ்ளோ சின்னது."

"தெரியாத பொருள பேரேட்டுல எப்படி ஏத்துனீங்க?"

ஷோபனா குறுக்கே போய் நின்றாள். இயக்குநருக்குத் தொலைபேசினார்கள், விதிப்படி நடக்கட்டும் என்றார் அவர். காமராஜ் சான்றைக் கையில் பிடித்தபடி, "ஐயா, அது எம் பொண்ணு பண்ணதுங்க" என்றார். முருகையன் அவரை அன்போடு பார்த்து, "அப்ப நீங்களும் சாட்சிக் கையெழுத்துப் போடலாம்" என்றார்.

திறந்தார்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. பெட்டிக்குள்ளிருந்து வெண்புகை எழுந்து தரையில் வழிந்தது. கண் இமைப்பதற்குள் உள்ளே எல்லாம் பனி பூத்துவிட்டது. முருகையன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். எண் தாளின் அகலம் இரண்டு அங்குலம். ஒட்டுவதற்கு இடம் தேடிக்கொண்டிருந்தபோது, அந்த நுண்கட்டமைப்பைத் தாங்கியிருந்த, விரல் நகத்தில் கால்வாசி அளவுச் சில்லு டிக்கென்று விரிசல் விட்டது. மெல்லிய சத்தம்தான். ஷோபனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

'பொருள் நேரில் காணப்படவில்லை' என்று முருகையன் பேரேட்டில் எழுதினார். மனசாட்சிப்படி எழுதினார். காமராஜிடமும் சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அதிலிருந்து ஒன்பதாம் நாள் கலைமதிக்கு இரண்டாவது குறிப்பாணை வந்தது. அவள் பொறுப்பில் இருந்த நானூற்றுப் பன்னிரண்டாம் பொருள் காணாமற்போனதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். 31.12.2099 வரை யாரும் கேட்க மாட்டார்கள் என்று சொன்னது வருகைப் பிரிவாம். இது இருப்புப் பிரிவு.

காமராஜ் இந்த முறை நேராக இயக்குநரிடம் போனார்.

இயக்குநர்தான் கலைமதியின் ஆய்வு வழிகாட்டியும். ஐந்து வருடத்தில் அவர் ஆய்வகத்துக்கு இரண்டு முறை வந்திருக்கிறார். ஒரு முறை ரிப்பன் வெட்ட, இன்னொரு முறை கழிவறை என்று நினைத்து. தந்தையின் துக்கத்தில் தாமும் பங்கேற்பதாக அவர் எழுந்து நின்று சொன்னார். பிறகு உட்கார்ந்தார்.

"பேரு மட்டும் போட்டாப் போதுங்க ஐயா. வேற ஒண்ணும் வேணாம்" என்றார் காமராஜ்.

"பெயர்!" இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். "அறிவியலில் தனி மனிதருக்கு இடமில்லை, காமராஜ். நான், எனது என்பதெல்லாம் இங்கே கிடையாது. எல்லாம் மையம். இந்தத் தத்துவத்தை நினைவூட்டத்தான் மையத்திலிருந்து வெளிவரும் ஒவ்வொரு கட்டுரையிலும் என் பெயர் இருக்கிறது."

காமராஜ் வாரிசுச் சான்றை மேசைமேல் வைத்தார்.

"இது செல்லாது" என்றார் இயக்குநர் கனிவாக. "பொருள் காணப்படவில்லை என்று சரிபார்ப்புக் குழு எழுதிவிட்டது. நீங்களே சாட்சி. இல்லாத பொருளை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. கண்டுபிடிக்காததற்கு வாரிசு எப்படி வரும்?"

"மையத்து நிறுவன நாள் விழாவுக்கு அடிச்ச பத்திரிகையில, லேசர் கண்டுபுடிச்சதா போட்டிருக்குதே?"

"அது அறிவிப்பு. இது பதிவு. படித்தவர்களே இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். உங்களைச் சொல்லி என்ன?"

நிறுவன நாள் அமாவாசையன்று வந்தது. மேல்மலையனூரில் அங்காளம்மன் கூட்டம். செஞ்சிப் பிரிவின் லைன்மேன்கள் எல்லாரையும் அங்கே அனுப்பிவிட்டார்கள். மையத்து விழாவுக்குக் கரண்ட்டு போகாமல் பார்த்துக்கொள்ள ஒருத்தர் வேண்டும். மையத்தில் ஜெனரேட்டர் இருந்தது, அதைப் பழுதுபார்க்கும் கோப்பும் இருந்தது, இரண்டும் ஓடவில்லை. மிச்சமிருந்தவர் காமராஜ்தான்.

காலை ஒன்பது மணிக்கு அவர் டிரான்ஸ்பார்மர் பக்கம் வேலையைத் தொடங்கியபோது ஷோபனா மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"அப்பா, அவ ரெண்டு பண்ணி வெச்சிருக்கா. இன்னொண்ணு அவ மேசையில, ஊசி டப்பாக்குள்ள இருந்துச்சு. விடிகாலையே போட்டுக் குளிர வெச்சிட்டேன். இன்னைக்குத்தான் எல்லாரும் விழாவுல இருப்பாங்க. பன்னெண்டு மணிக்கு அளக்கணும். ஒரு நிமிஷம் கரண்ட்டு போனாலும் எல்லாம் போச்சு. இருந்தது இது ஒண்ணுதான்."

"நான் இருக்கறன்" என்றார் காமராஜ்.

பதினொன்றரைக்குச் சிறப்பு விருந்தினர் கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து சேர்ந்தார். லேசர் வெளிச்சத்தைப் பார்க்க ஆவலாக இருப்பதாக அவர் முன்கூட்டியே தெரிவித்திருந்ததால், மேடையில் ஒரு பொன்னிறப் பெட்டி செய்து அதற்குள் செஞ்சிக் கடைத்தெருவில் வாங்கிய சிவப்பு சீரியல் பல்பு ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். விருந்தினர் பொத்தானை அழுத்தினால் எரியும். அரங்கத்தில் பதினாறு ஏசி, எட்டு ஒலிபெருக்கி.

அரங்கத்தின் பின்சுவரை ஒட்டித்தான் டிரான்ஸ்பார்மர். இயக்குநர் பேசியது முழுவதும் காமராஜுக்குக் கேட்டது.

"இந்த லேசரை உருவாக்க நான் எத்தனை இரவுகள் விழித்திருப்பேன்! எலக்ட்ரானின் சுழற்சி என்னைத் தூங்க விட்டதில்லை. என் குடும்பத்தார் பட்ட துன்பம் சொல்லி மாளாது. பெற்றெடுத்த குழந்தையைப் போல…"

காமராஜின் கை அரங்கத்து ஃபியூஸ் கட்டைமேல் போய் உட்கார்ந்தது. முப்பது வருடத்தில் அவர் வேலை காரணமில்லாமல் ஒரு வீட்டின் விளக்கைக்கூட அணைத்தது கிடையாது. கையை எடுத்துக்கொண்டார். கொஞ்ச தூரம் நடந்துபோய்த் திரும்பி வந்தார்.

அப்போது பார்த்தார். பதினாறு ஏசியும் இழுத்த இழுப்பில் மெயின் ஃபியூஸ் கம்பி பழுத்துச் சிவந்துகொண்டிருந்தது. அரங்கமும் ஆய்வகமும் ஒரே லைன். விட்டால் இரண்டு நிமிடத்தில் கம்பி உருகி இரண்டு பக்கமும் போய்விடும். ஒரு பக்கத்தைக் கழற்றினால் இன்னொரு பக்கம் தப்பும். மணி பன்னிரண்டு ஐந்து.

அரங்கத்துக் கட்டையை உருவினார். தொழில் தெரிந்த எந்த லைன்மேனும் அதைத்தான் செய்திருப்பான். அதில் ஒரு துளி சந்தோஷமும் இருந்ததா என்று பின்னாளில் அவரே தன்னைக் கேட்டுக்கொண்டார், இருந்தது.

உள்ளே இருட்டு. சிறப்பு விருந்தினர் அந்த நொடிதான் பொத்தானை அழுத்தியிருந்தார்.

"என்ன, ஒண்ணும் தெரியலையே?" என்ற அவர் குரல் மைக் இல்லாமலே கேட்டது.

பிறகு இயக்குநரின் குரல் கம்பீரமாக எழுந்தது. "தெரியவில்லை அல்லவா? அதுதான் ஐயா சாதனை! டெராஹெர்ட்ஸ் ஒளி மனிதக் கண்ணுக்குப் புலப்படாது. புலப்படாமல் இருப்பதற்காகவே விளக்குகளை அணைக்கச் சொன்னேன். இப்போது இந்த அரங்கம் முழுவதும் நிறைந்திருக்கிறது. உணர்கிறீர்களா?"

"உணர்றேன்" என்றார் விருந்தினர். "லேசா சூடா இருக்குது."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

காமராஜ் அதைக் கேட்க அங்கே இல்லை. கைபேசியில் ஷோபனா, "ஓடி வாங்கப்பா" என்று மட்டும் சொன்னாள். வயதுக்கு மீறி ஓடினார். இரண்டு மாடி ஏறினார். ஆய்வகத்தில் குளிர்ப் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு கோடு தட்டையாக ஓடி, ஓரிடத்தில் மட்டும் ஊசி மாதிரி எழும்பி இறங்கியது. ஷோபனா கலைமதியின் நோட்டைப் பக்கத்தில் விரித்து வைத்திருந்தாள். அதில் பேனாவால் வரைந்த கோடும் அதே இடத்தில்தான் எழும்பியிருந்தது.

"இதுவா?"

"இதான்ப்பா. இப்ப எரியுது. உள்ள எரிஞ்சிக்கிட்டு இருக்குது."

காமராஜ் திரையைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தார். அதன் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தார். அது வெறும் இரும்பு, லேசாக அதிர்ந்தது. ஷோபனா நேரம் குறித்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு நடந்தவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். காணப்படாத ஒளியைக் காட்டியதற்காக இயக்குநருக்கு ஒரு விருது கிடைத்தது. பேரேட்டில் ஏறாத பொருளை அளந்ததற்காக ஷோபனாவுக்குக் குறிப்பாணை போனது. அந்த அளவீட்டை ஏற்றால், பேரேட்டில் ஒன்று என்றிருந்த நானூற்றுப் பன்னிரண்டாம் பொருள் இரண்டாகிவிடும் என்பதால், அது நடக்கவில்லை என்று மையம் முடிவெடுத்தது. அவள் பதில் எழுதாமல் நோட்டின் நகலை எடுத்துக்கொண்டு வேறு மாநிலத்தில் ஒரு கல்லூரிக்குப் போய்விட்டாள். கலைமதியின் பெயரை முதலில் போட்டுக் கட்டுரை அனுப்பியிருக்கிறாள். இன்னும் பதில் இல்லை. விழாவில் மின்சாரம் நின்றதற்குக் காமராஜிடம் விளக்கம் கேட்டார்கள். 'சொந்த வேலை' என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தார்.

மீனம்பாளிடம் அவர் விழாவன்று சாயங்காலமே சொன்னார். அவள் முற்றத்தில் உட்கார்ந்து மணிலா உரித்துக்கொண்டிருந்தாள். மகளைப் புதைத்துவிட்டு வந்த நாளிலிருந்து அவள் அழுததில்லை. பள்ளிக்கூடத்துச் சத்துணவு வேலைக்குப் போவாள், வருவாள், ஏதாவது உரிப்பாள்.

"எரிஞ்சிது" என்றார்.

அவள் கை நின்றது. "நெசமாவா?"

"ரெண்டு கண்ணால பாத்தேன். பாத்தேன்னா, மிஷின்ல கோடு வந்துச்சு. அவ எழுதி வெச்ச அதே எடத்துல. ஷோபனா அழுதுடுச்சு."

"எம்மாம் நேரம் எரிஞ்சிது?"

"பதினோரு நிமிஷம்."

"அப்பறம்?"

"அப்பறம் ஷோபனா நிறுத்திடுச்சு. சூடு ஏறிடும்னு."

மீனம்பாள் மடியிலிருந்த மணிலாக்கொட்டையை முறத்தில் கொட்டினாள்.

"ஏன் நிறுத்துச்சு?" என்றாள். "இன்னும் செத்த நேரம் வுட்டிருக்கக் கூடாதா?"

காமராஜ் வாயைத் திறந்தார். பெட்டி எப்படி வேலை செய்கிறது, சூடு ஏறினால் சில்லு என்ன ஆகும், எல்லாம் அவருக்கு இப்போது தெரியும். மீனம்பாள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கத் தொடங்கினாள். "இன்னும் செத்த நேரம் வுட்டிருக்கலாம். யாரு கேக்கப் போறாங்க? இன்னும் செத்த நேரம்…"

அவர் முறத்தை ஓரமாக நகர்த்திவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.